பீரங்கி எந்தப் பக்கம் பார்த்தது?

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். பிரிட்டிஷ்காரர்கள் பெரிய பெரிய பீரங்கிகளைக் கடலைப் பார்த்து நிறுத்தி வைத்தார்கள். ஜப்பானியர்களோ மலாயாக் காட்டு வழியே, சைக்கிளில்கூட, வடக்கிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பீரங்கிகளைத் திருப்ப முடியவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று தீவு விழுந்தது.

பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களும் உண்டு, தேக்கா காப்பிக்கடையில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. கேட்கிறவருக்கு உடனே ஒரு சந்தேகம் எழ வேண்டும். நூறு டன் எடையுள்ள பீரங்கியை வாங்கி, அதற்கு நிலத்தடியில் மாடி மாடியாக அறைகள் கட்டியவர்களுக்கு, அதைத் திருப்பி வைக்கத் தெரியாமல் போயிருக்குமா? திருப்ப முடிந்தது என்றால், ஏன் அது தீவைக் காப்பாற்றவில்லை?

விடை தேட வேண்டிய இடம் பீரங்கியின் குழல் அல்ல. அதிலிருந்து பாய்ந்த குண்டும், அதற்கு அடியில் தோண்டிய சுரங்கமும்தான்.

இரண்டு திரும்பின

சிங்கப்பூரில் இருந்த மிகப் பெரிய பீரங்கிகள் ஐந்து. ஐந்துக்கும் குழல்வாய் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மூன்று தீவின் கிழக்கு முனையில் சாங்கியில் இருந்தன. இரண்டு மேற்கே போனா விஸ்டாவில். சாங்கித் தளத்துக்கு ஜொகூர் பீரங்கித் தளம் என்று பெயர். ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு அளித்த 5,00,000 பவுண்டு நன்கொடை இந்தப் பீரங்கிகளுக்கு உதவியது. பெயர் வந்த வழி அது.

இவை காவல் காத்தது செம்பவாங்கில் 1938இல் திறக்கப்பட்ட கடற்படைத் தளத்தை. எதிரி கப்பலில் வருவான், கப்பலில் வருகிறவனைக் கப்பல் பீரங்கியால் தடுக்க வேண்டும் என்பது கணக்கு. நிலவழி ஆபத்தை யாரும் யோசிக்கவில்லை என்பதும் சரியல்ல. 1937இலேயே மலாயாத் தலைமையகத்தில் பணியாற்றிய பெர்சிவல் என்ற அதிகாரி, ஜப்பானியர்கள் தாய்லாந்திலோ வடமலாயாவிலோ தரையிறங்கிக் கீழே வரக்கூடும் என்று ஆய்ந்து எழுதியிருந்தார். ஐந்து ஆண்டு கழித்துச் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்ட தளபதியும் அவரே.

சாங்கியின் மூன்றில் இரண்டு பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பின, திரும்பிச் சுட்டன. போனா விஸ்டாவின் இரண்டு போரில் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆகவே ‘தவறான பக்கம் பார்த்த பீரங்கி’ என்ற பேச்சு போனா விஸ்டாவுக்கு ஓரளவு பொருந்தும், சாங்கிக்குப் பொருந்தாது. பிளாக்காங் மத்தித் தீவில், இன்றைய செந்தோசாவில், கானாட் கோட்டையில் இருந்த 9.2 அங்குலப் பீரங்கிகளும் நிலத்தை நோக்கிச் சுட்டன.

கப்பலுக்காகச் செய்த குழல்

இந்த 15 அங்குலக் குழல் சிங்கப்பூருக்கென்று புதிதாக உருவானதல்ல. 1912 முதல் 1918 வரை பிரிட்டிஷ் ஆலைகள் போர்க்கப்பல்களுக்காக 186 குழல்கள் செய்தன. வார்ஸ்பைட், ஹூட், ரிபல்ஸ் போன்ற கப்பல்களில் இருந்தவை அந்த வகை. சிங்கப்பூருக்கு வந்தவையும் அதே தொகுதி. கடலில் ஆட வேண்டியதை ஒரு மேட்டில் கான்கிரீட் போட்டு நிறுத்தினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

குழலின் நீளம் 16 மீட்டருக்கும் மேல். இதை ஒரே வார்ப்பாக ஊற்றிவிட முடியாது. உள்ளே மருந்து வெடிக்கும்போது எழும் அழுத்தம் ஒற்றை வார்ப்புக் குழாயை உட்புறத்திலிருந்து கிழித்துவிடும். ஆகவே உள்குழாய் ஒன்றைச் செய்து, அதன்மேல் எஃகுக் கம்பியை இழுத்து இறுக்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சுற்றினார்கள். பிறகு வெளிக்குழாயைச் சூடாக்கி விரியவைத்து மேலே செருகினார்கள். ஆறியதும் அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். எருமைச் சந்தையும் மாட்டு வண்டியுமாக இருந்த அந்தக் காலச் சிராங்கூன் சாலையில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்ட கொல்லருக்கு இதில் புரியாதது எதுவும் இருந்திருக்காது. காய்ச்சி மாட்டினால் குளிரும்போது பிடிக்கும். சுடுவதற்கு முன்பே குழல் வெளியிலிருந்து உள்நோக்கி நெருக்கப்பட்டிருப்பதால், வெடியின் அழுத்தம் முதலில் அந்த நெருக்கத்தைத் தீர்த்த பிறகே இரும்பை இழுக்கத் தொடங்கும்.

குழலின் உள்சுவரில் திருகுபோல வரிகள் ஓடும். இவற்றைச் சுழல்வரி என்று அழைக்கலாம். குண்டின் அடியில் உள்ள செப்புப் பட்டை இந்த வரிகளில் பதிந்து, குண்டு சுழன்றுகொண்டே வெளியேறும். 15 அங்குலக் குண்டு வாயைவிட்டுக் கிளம்பும்போது விநாடிக்குச் சுமார் 65 முறை சுழலும். அந்தச் சுழற்சிதான் கூர்முனையை முன்னோக்கியே வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் 879 கிலோ எஃகு காற்றில் குட்டிக்கரணம் போடும்.

ஒரு நிமிடப் பயணம்

சாங்கியிலிருந்து ஒரு குண்டை மனக்கண்ணால் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

தென்சீனக் கடலிலிருந்து ஒரு போர்க்கப்பல் சிங்கப்பூர் நீரிணையை நோக்கி வருகிறது. தொலைவு சுமார் 25 கிலோமீட்டர். வேகம் 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர். பீரங்கியின் அடிப்பக்கத்தில் குண்டும், அதன் பின்னால் பட்டுப்பைகளில் கட்டிய கார்டைட் என்ற ஏவுமருந்தும் ஏறுகின்றன. மருந்து மட்டும் 196 கிலோ. சுட்டதும் குண்டு விநாடிக்கு 749 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது.

காற்று என்று ஒன்று இல்லாவிட்டால், 45 பாகைக் கோணத்தில் சுட்ட இந்தக் குண்டு 57 கிலோமீட்டர் தாண்டி விழும். காற்று இருக்கிறது, எனவே 33 கிலோமீட்டரை ஒட்டி விழுந்துவிடும். பாதைத் தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைக் காற்றே தின்றுவிடுகிறது. எவ்வளவு தின்னும் என்பது அன்றைய காற்றழுத்தம், வெப்பம், மேல்காற்றின் திசை இவற்றைப் பொறுத்து மாறும்.

25 கிலோமீட்டர் போய்ச் சேர ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நிமிடத்தில் கப்பல் 617 மீட்டர் நகர்ந்துவிடும். இந்த ரகக் கப்பல் ஒன்றின் நீளம் 200 மீட்டர் அளவு. ஆக, கப்பலைக் குறிபார்த்துச் சுட்டால், குண்டு விழும் இடத்தில் கப்பலின் வால்கூட இருக்காது. பீரங்கி குறிபார்க்க வேண்டியது கப்பல் இல்லாத வெறுங்கடலை. கப்பல் ஒரு நிமிடம் கழித்து எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து அந்த இடத்துக்குக் குண்டை அனுப்ப வேண்டும்.

இதற்குத்தான் கரையில் வெகு தூரம் தள்ளித் தள்ளி நோக்குமேடைகள். இரண்டு மேடைகள் ஒரே நேரத்தில் கப்பலின் திசைக்கோணத்தை அளக்கும். மேடைகளுக்கு இடைப்பட்ட தூரம் தெரியும், இரண்டு கோணங்களும் தெரியும். பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு மிச்சத்தைச் சொல்லிவிடும். சில விநாடிக்கொரு முறை கப்பலின் இடத்தைப் புள்ளியாகக் குறித்துக்கொண்டே வந்தால், புள்ளிகள் கோடாகும். கோட்டை முன்னோக்கி நீட்டினால் அடுத்த நிமிடத்தின் இடம் கிடைக்கும். பீரங்கியில் நிற்கும் வீரர் கப்பலைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு சிறு எதிரி உண்டு, வெயில். கார்டைட் சூடாக இருந்தால் வேகமாக எரியும், குண்டு சற்றுக் கூடுதல் வேகத்தில் கிளம்பும், இலக்கைத் தாண்டி விழும். குளிர்ந்திருந்தால் முன்னாலேயே விழும். காலை மருந்தும் மதிய மருந்தும் ஒரே மாதிரி எரிய வேண்டுமானால், அதை வெப்பம் மாறாத இடத்தில் வைக்க வேண்டும். சாங்கியில் ஆழமாகத் தோண்டியது எதிரிக் குண்டுக்குப் பயந்து மட்டும் அல்ல. மூன்று மாடி ஆழத்தில் இரவும் பகலும் சூடு அதிகம் மாறாது. மண்ணுக்கடியில் இருந்த அந்த அறைகள், குறிதவறாமல் சுடும் கருவியின் ஒரு பாகம். பீரங்கி என்றால் குழல் மட்டும் என்று நினைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அதே குண்டு, நிலத்தில்

1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை தீவின் வடமேற்குக் கரையில் இறங்கியது. மறுநாள் தெங்கா விமானத்தளம் போயிற்று. சாங்கிப் பீரங்கிகள் ஜொகூர் பாரு பக்கமும் தெங்கா பக்கமும் திரும்பின. சாங்கியிலிருந்து தெங்காவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர். அந்தக் கோடு இன்றைய அங் மோ கியோ வழியாகப் போகிறது. அங்கே குண்டு ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் பறந்திருக்கும்.

தூரம் எட்டியது. திசையும் சரி. தவறியது குண்டின் வகை.

போர்க்கப்பலை அடிக்கச் செய்த குண்டைத் துளைகுண்டு என்று சொல்லலாம். அதன் வேலை கனத்த எஃகுக் கவசத்தைத் துளைத்து உள்ளே போய், பிறகு வெடிப்பது. ஆகவே முனையும் உடலும் கெட்டியான எஃகு. வெடிமருந்து மொத்த எடையில் வெறும் 3 விழுக்காடு அளவு. வெடிக்கும் திரியும் சற்றுத் தாமதமாகவே பற்றும். கவசத்துக்கு முன்னால் வெடித்துவிட்டால் பயனில்லையே!

இதைச் சிங்கப்பூரின் ஈர மண்ணில் அடித்தால் என்ன ஆகும்? எதிர்க்க எஃகு இல்லை. குண்டு மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துகொள்ளும். வெடிக்கும்போது சேற்றை மேலே தூக்கிப் பெரும் பள்ளம் பறிக்கும், ஆனால் சுற்றியிருக்கும் படைவீரர்மேல் இரும்புத்துண்டுகள் சிதறாது. நிலத்தில் வரும் காலாட்படைக்கு எதிராக வேண்டியது மெல்லிய உடலும் நிறைய வெடிமருந்தும் கொண்ட சிதறுகுண்டு, தரை பட்டதும் வெடிப்பது. 15 அங்குலப் பீரங்கிகளுக்குச் சேமித்து வைத்திருந்தவை பெரும்பாலும் துளைகுண்டுகள். 9.2 அங்குலத்துக்குச் சிதறுகுண்டுகள் இருந்தன, ஆனால் சொற்பம்.

இன்னொரு தடை, கண். கடலில் வரும் கப்பலை மேடையிலிருந்து பார்க்கலாம். ரப்பர் தோட்டத்துக்குள் நகரும் படையை சாங்கியிலிருந்து யார் பார்ப்பது? குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து ‘இன்னும் நூறு மீட்டர் இடப்பக்கம்’ என்று திருத்தச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், அடுத்த குண்டும் முதல் குண்டைப் போலவே ஊகம்தான்.

பிப்ரவரி 12இல் கிழக்குக் கரைப் படைகள் நகரை நோக்கிப் பின்வாங்கின. எதிரி கையில் சிக்கக் கூடாதென்று வீரர்கள் தங்கள் பீரங்கிகளைத் தாங்களே வெடிவைத்துச் சிதைத்தார்கள். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஜப்பானியப் போர்க்கப்பல்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தைக் கடலிலிருந்து தாக்க வரவே இல்லை. பீரங்கி காவல் நின்ற வாசல் வழியாக யாரும் நுழையவில்லை. அதைத் தோல்வியின் சின்னமாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது.

சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17 அன்று, 40,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டார்கள். தீபகற்பம் முழுவதும் பின்வாங்கிப் பின்வாங்கிப் போரிட்டவர்கள் அவர்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் அத்தியாயம் அங்கே தொடங்கியது. இன்று ஃபேரர் பார்க் என்ற பெயரில் ஓர் எம்ஆர்டி நிலையம் இருக்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்துக்கு அடுத்தது. சாங்கி பீரங்கியின் கதையைச் சொல்பவர்கள் இந்தத் திடலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலப்போரின் சுமையைத் தாங்கியவர்களில் பெரும்பங்கு இவர்கள்.

மண்ணுக்கடியில் மிஞ்சியது

போர் முடிந்ததும் உடைந்த பீரங்கிகள் பழைய இரும்பாகப் போயின. சுரங்கங்களை மூடினார்கள். தளத்தின் மேல் சிறைத்துறையின் வளாகம் வந்தது. அரை நூற்றாண்டு அப்படியே போயிற்று. 1991இல் சிறைத்துறையினர் சுரங்கத்தை மறுபடி கண்டுபிடித்தார்கள்.

மீட்க என்ன இருந்தது? குழல் இல்லை, தாங்கி இல்லை. இருந்தவை வெற்று அறைகளும் நடைவழிகளும். சிங்கப்பூர் எடுத்த முடிவு எளிமையானது: மேலே, காஸ்ஃபோர்டு சாலையில், பீரங்கியின் முழு அளவு மாதிரி ஒன்றை நிறுத்துவது, கீழே இருப்பதைப் பாதுகாப்பது. சரணடைவின் அறுபதாம் ஆண்டு நாளான 2002 பிப்ரவரி 15 அன்று இடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

மாதிரி என்றதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அது தேவையில்லை. மாதிரி என்று ஒளிக்காமல் சொல்லி நிறுத்தியிருக்கும் பொருள், பார்ப்பவரை அளவு தெரிந்துகொள்ள வைக்கிறது. உண்மையான சான்று காலுக்கடியில் இருக்கிறது. வெப்பம் மாறாத மருந்தறை ஏன் வேண்டும் என்று தெரிந்தவருக்கு அந்தச் சுரங்கம் குழலைவிடக் கூடுதலாகப் பேசும்.

உப்பும் கடுக்காயும்

குழல் தப்பிப் பிழைத்த இடங்களில் வேறு போராட்டம். செந்தோசாவின் சிலோசோ கோட்டை 1880களைச் சேர்ந்தது. 1970களில் அது போர் அருங்காட்சியகமாக மாறியது; தீவின் பல பகுதிகளிலிருந்து வந்த பழைய பீரங்கிகள் அங்கே சேர்ந்தன. 2022 பிப்ரவரி 15 அன்று தேசிய நினைவுச்சின்னமாகவும் ஆனது. எல்லாம் கடற்கரை இரும்பு.

சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிக மழை. இரும்புக்கு இதுவே போதாத காலம். கடற்காற்றின் உப்பு அதைப் பல மடங்காக்குகிறது. உப்பில் உள்ள குளோரைடு துருவின் நுண்துளைகளுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே துருவின்மேல் அழகாகப் பெயின்ட் அடிப்பதைப் போன்ற தீங்கு வேறில்லை. ஓராண்டு பளபளக்கும், பிறகு உள்ளிருந்தே கொப்பளம் கிளம்பி, பெயின்ட்டோடு சேர்ந்து இரும்பும் தகடாக உரியும்.

முறையாகச் செய்பவர்கள் முதலில் அளந்து, படமெடுத்து, பொறித்த எழுத்துகளைப் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு தளர்ந்த துருவைச் சுரண்டுவார்கள். உப்பு நீக்கிய நீரால் மீண்டும் மீண்டும் கழுவி, கழுவிய நீரில் குளோரைடு அடங்கும்வரை சோதிப்பார்கள். எஞ்சிய துருவைப் பெரும்பாலும் டானிக் அமிலத்தால் பூசுவார்கள். இரும்போடு சேர்ந்து அது கருநீலப் படலமாகி மேற்பரப்பை அடக்கிவைக்கும். நம் ஊர்க் கடுக்காயில் துவர்ப்பது அதே குடும்பத்துப் பொருள். கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கருப்பு மை காய்ச்சியவர்கள் செய்ததும் இதே வேதிவினை. அதற்குமேல் துத்தநாகப் பூச்சு, கடைசியில் பெயின்ட். குழலுக்குள் மழைநீர் தேங்காமல் வாயை மூட வேண்டும், ஆனால் காற்று போகவும் வழி விட வேண்டும்.

பொறித்த எழுத்துகளை முதலில் பதிவு செய்வது வெறும் சடங்கல்ல. பசிபிக்கில் தராவா தீவுக்கூட்டத்தின் பேசியோவில் ஜப்பானியர் நிறுத்திய 8 அங்குலப் பீரங்கிகள் சிங்கப்பூரில் கைப்பற்றியவை என்று பல காலம் உலகெங்கும் எழுதிவந்தார்கள். குழலில் இருந்த எண்களை உற்பத்தியாளர் ஆவணத்தோடு ஒப்பிட்டதும் கதை உடைந்தது. அவை 1905இல் விக்கர்ஸ் நிறுவனம் ஜப்பானுக்கு முறைப்படி விற்றவை. போர்க்காலச் சிங்கப்பூரில் 8 அங்குலக் கடலோரப் பீரங்கியே இருக்கவில்லை. அந்த எண்களை யாராவது நன்றாகத் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் பொய் இன்றும் நிலைத்திருக்கும்.

எஞ்சிய குழல்கள்

சிங்கப்பூருக்கு மிக அருகே இன்றும் இருக்கும் அசல் 15 அங்குலக் குழல்கள் குவாந்தான் கடலடியில் கிடக்கின்றன. 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ரிபல்ஸ் கப்பலில் அந்த வகைப் பீரங்கிகள் ஆறு. அதோடு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் மூழ்கியது. இரண்டிலும் சேர்த்து 840 பேர் இறந்தார்கள். ரிபல்ஸ் ஐம்பது மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருக்கிறது. பழைய இரும்புக்காக இந்தச் சிதைவுகளைத் திருடர்கள் பல ஆண்டுகளாகப் பிய்த்து வருகிறார்கள். 2023 மே மாதத்தில் மலேசியக் கடல்சார் அமலாக்கத்தினர் ஜொகூர்க் கடற்பகுதியில் சீனக் கப்பல் ஒன்றைத் தடுத்து வைத்தபோது, அதில் துருப்பிடித்த பழைய பீரங்கிக் குண்டுகளும் உலோகக் குவியலும் இருந்தன. அந்தக் குழல்களை மேலே கொண்டுவர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. எண்பது ஆண்டு கடல்நீரில் ஊறிய நூறு டன் இரும்பிலிருந்து உப்பை வெளியேற்றக் காரக் கரைசலில் மூழ்கடித்து மின்சாரம் செலுத்திப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது வேதியியலின் பதில். அது கல்லறை என்பது மற்றொன்று. இரண்டாவதே போதும்.

உண்மையான குழலைப் பக்கத்தில் நின்று பார்க்க விரும்பும் சிங்கப்பூர்க்காரர் லண்டன் வரை போக வேண்டியிருக்கும். லேம்பெத்தில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் வாசலில் இரண்டு 15 அங்குலக் குழல்கள் இருக்கின்றன. ஒன்று ராமிலீஸ் கப்பலுடையது. மற்றொன்று முதலில் ரெசல்யூஷன் கப்பலில் இருந்து, பிறகு ராபர்ட்ஸ் கப்பலுக்கு மாறி, 1944இல் நார்மண்டிக் கரையில் நிலத்தை நோக்கிச் சுட்டது.